திசையறிந்த வரலாறு – 14: தென்னகத்து வானமும் செயற்கைக்கோள் வழியறிதலும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்கால், ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 12 பாகை 15 கலையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 5 கலையிலும் இருக்கிறது. வடக்கே வேலூரிலிருந்தோ கிழக்கே செஞ்சியிலிருந்தோ வந்த வழிப்போக்கர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இவ்வட்டாரத்தில் திசைகாட்டியாக நின்றது அண்ணாமலை. அதைக் கண்ணால் கண்டு, அதற்கு எந்தப் பக்கம் தாம் நிற்கிறோம் என்று அறிந்து நடந்தார்கள். சென்ற பகுதியில் விளக்கப்பட்ட, நில அளவையாளர் லாம்டனின் முக்கோண அளவையும், 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியபோது, குன்றிலிருந்து குன்றையும் கோபுரத்திலிருந்து கோபுரத்தையும் பார்க்கும் இதே பார்வைக்கோட்டையே நம்பியிருந்தது. இன்று அதே சாலையில் ஓடும் வாகனத்தின் முகப்பில் இருக்கும் கருவிக்கு மலை ஒரு பொருட்டன்று. அது எதையும் பார்ப்பதில்லை, பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கடிகாரங்கள் மணி சொல்வதைக் கேட்க மட்டுமே செய்கிறது.

மணி கேட்டு இடம் அறிவது எவ்வாறு என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பைச் சேர்ந்த ஒவ்வொரு செயற்கைக்கோளும் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி, தான் இருக்கும் இடத்தையும் குறிகை புறப்பட்ட நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. குறிகை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அக்கோளின் தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடலாம் என்றாலும், வாகனத்தில் இருப்பது மலிவான கடிகாரம் ஆகையால், அதன் பிழையையும் சேர்த்துக் கண்டறிய நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 30 சென்டிமீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகளின்படி விண்ணில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி வேகமாக ஓடுவதால், அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். எனவே இந்த வரலாறு முழுவதும் ஒரு வகையில் கடிகாரங்களின் வரலாறே. ஆனால் தென்னிந்தியாவைப் பொறுத்தவரை அது மட்டுமன்று. இங்குள்ள பூமியும் வானமும் இக்கருவிகளை வடிவமைத்த நாடுகளின் பூமியையும் வானத்தையும் போன்றவை அல்ல என்பதால், கடலிலும் ஆகாயத்திலும் இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியை இங்கே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பூமியிலிருந்தே தொடங்கலாம். செயற்கைக்கோள் கணக்குகள் உலகத்தை வழவழப்பான, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு திண்மமாகக் கொள்கின்றன. 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறை என்று அதற்குப் பெயர். உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் இருப்பது. உலகிலேயே அது மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடற்பரப்பு அந்தக் கணக்குத் திண்மத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் கீழே கிடக்கிறது. அந்தத் தாழ்வின் சரிவிலேயே தமிழ்நாடு முழுவதும் அமைந்திருப்பதால், திருத்தம் செய்யாத ஒரு பெறுகருவி 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியை 80 மீட்டருக்கும் மேல் குறைத்தே காட்டும். கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கடியில் நிற்பவராகக் காட்டும். கருவிகளுக்குள் ஒரு திருத்த அட்டவணை வைக்கப்பட்டிருப்பதால் பயன்படுத்துவோர் இதை அறிவதில்லை. சாலையில் செல்பவருக்கு உயரம் முக்கியமில்லை. ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானிக்கு அதுதான் உயிர்.

செயற்கைக்கோள் வழியறிதல் கடலில் முதலாவதாகவும், வானில் அடுத்ததாகவும், சாலையில் கடைசியாகவும் பரவியதற்குக் காரணம் பொறுமை. 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது அதன் வானொலி ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அதன் பாதையைக் கணித்த அமெரிக்க ஆய்வாளர்கள், அக்கணக்கைத் திருப்பிப் போட்டால் கோளின் பாதையைக் கொண்டு கேட்பவரின் இடத்தை அறியலாம் என்று கண்டனர். அதன் விளைவாக 1964இல் அமெரிக்கக் கடற்படை டிரான்சிட் என்னும் அமைப்பை இயக்கத் தொடங்கியது. 1967இல் அது வணிகக் கப்பல்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கோள் ஒன்று தலைக்கு மேல் கடந்துபோகும் வரை காத்திருந்து, பல நிமிடங்கள் கேட்டு, ஓர் இடக்குறிப்பைப் பெறுவது கப்பலுக்குக் கட்டுப்படியாகும். விமானத்துக்கோ காருக்கோ கட்டுப்படியாகாது. டிரான்சிட் கோள்கள் துருவம் விட்டுத் துருவம் சுற்றியதால் அவற்றின் பாதைகள் துருவங்களில் நெருங்கியும் நிலநடுக்கோட்டில் விலகியும் இருந்தன. ஆகவே மிக நீண்ட காத்திருப்பு நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்களில் சென்ற கப்பல்களுக்கே வாய்த்தது.

காத்திருப்பை ஒழிப்பதற்காக 1973இல் ஒப்புதல் பெற்று, 1978இல் முதல் கோளை ஏவிய ஜி.பி.எஸ். திட்டம் இராணுவத்துக்கானது. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்ததும், அவ்வமைப்பு அமைத்து முடிக்கப்பட்டவுடன் பொதுமக்களின் விமானப் போக்குவரத்துக்கும் அது கிடைக்கும் என அமெரிக்க அரசு அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான குறிகையில் 1990 முதல் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டதால் துல்லியம் சுமார் நூறு மீட்டரிலேயே நின்றது. 2000 மே மாதம் அப்பிழை நீக்கப்பட்டபோது துல்லியம் ஒரே இரவில் பல மடங்கு உயர்ந்தது. 1999 கார்கில் போரில் அமெரிக்கா ஜி.பி.எஸ். தர மறுத்ததே இந்தியா தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கத் தூண்டியது என்று பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அக்கதையைச் சற்று எச்சரிக்கையோடு கொள்வது நல்லது. உலகெங்கும் பொழிந்த பிழை கலந்த குறிகை கார்கில் மலைகளின் மீதும் பொழிந்துகொண்டுதான் இருந்தது. எட்டாமல் இருந்தது துல்லியம் மட்டுமே.

நூறு மீட்டர்ப் பிழை என்பது நகரச் சாலைக்கு உதவாது. கடலுக்கு அது தாராளம். அதனால்தான் தமிழகத்தில் காருக்கு வெகு முன்பே மீன்பிடிப் படகுகளில் ஜி.பி.எஸ். ஏறியது. அதற்குமுன் கட்டுமரத்தில் சென்றவர்கள் கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள ஒரு குன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறு திசையில் இன்னோர் இணையையும் அதுபோலவே பொருத்தி, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரைக் கண்டுபிடித்தார்கள். மீன் கூடும் பாறைத்திட்டுகளையே கடற்கரையில் பார் என்பர். கரை மறையும் வரைதான் இந்த அறிவு செல்லும். அதற்கப்பால் விண்மீனும் நீரோட்டமும் காற்றும் துணை. ஜி.பி.எஸ். வந்தபின், தந்தை மகனுக்குப் பல ஆண்டுகள் உடன்வந்து காட்டிய பாரின் இருப்பிடம் கருவியில் பதிந்த இரண்டு எண்களாயிற்று. கருவி கைமாறினால் அறிவும் கைமாறும் நிலை உண்டாயிற்று.

பாக் நீரிணையில் அதன் விளைவு வேறு வகையானது. இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் செய்துகொண்ட உடன்பாடு, ஆதாம் பாலம் முதல் பாக் நீரிணை வரையிலான கடலெல்லையை ஆறு புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு வரையறுத்தது. கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தொலைவில் அக்கோடு செல்கிறது. தண்ணீரில் எவர் கண்ணுக்கும் தெரியாத அக்கோடு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காகிதத்தில் மட்டுமே இருந்து, பின்னர் விசைப்படகின் சிறு திரையில் தோன்றியது. அதோடு வழக்குமன்றத்திலும் செய்தித்தாளிலும் நெடுங்காலம் ஒலித்த, எல்லை தெரியாமல் கடந்துவிட்டனர் என்னும் வாதம் வலுவிழந்தது. அந்த வாதம் எப்போதுமே அரைகுறையானதுதான். எங்கே மீன் கிடைக்கிறது, தலைமுறைகளாக யார் எங்கே வலைவீசினார்கள், இழுவைமடி யாருடைய கடலைத் துடைக்கிறது என்பவையே அங்கு உண்மையான வழக்கு. அவற்றில் எதையும் இடமறியும் கருவி தீர்க்கவில்லை. நடுக்கடலில் தாக்கப்பட்டுத் திரும்பும் மீனவர்களைப் பற்றிய செய்திகளில், பறிபோன பொருள்களாக வலையோடும் வாக்கி-டாக்கியோடும் ஜி.பி.எஸ். கருவியும் தவறாமல் இடம்பெறுகிறது. நுட்பமான இன்னொரு சிக்கலும் உண்டு: உடன்பாடு எழுதப்பட்டது 1974இல்; கருவி பின்பற்றும் உலக அளவைமுறை 1984இல் வந்தது. பழைய அளவைமுறைகளில் குறிக்கப்பட்ட ஒரு புள்ளியும் அதே எண்களைக் கொண்ட இன்றைய புள்ளியும் நூறு மீட்டரோ, இடத்தைப் பொறுத்து அதற்கும் மேலோ விலகக்கூடும்.

ஆகாயத்தில் எழுந்த இடர்ப்பாடு இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. தரைக்கு மேல் சுமார் 80 கிலோமீட்டரில் தொடங்கும் அயனிமண்டலத்தில், சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து பிரிந்த மின்னணுக்கள் நிறைந்துள்ளன. அவற்றின் வழியே வரும் குறிகை தாமதப்படுவதால் தொலைவு கூடுதலாகக் கணக்கிடப்படுகிறது. ஜி.பி.எஸ். கோள்களே இதற்கு ஒரு திருத்தச் சூத்திரத்தை ஒலிபரப்புகின்றன என்றாலும் அது பிழையில் ஏறத்தாழப் பாதியையே போக்கும். அமைதியான அயனிமண்டலமுள்ள வட அமெரிக்க, ஐரோப்பிய வானத்துக்கு அதுவே பெருமளவு போதுமானதாக இருந்தது. தென்னிந்தியாவின் நிலை அப்படியன்று. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கும் தும்பாவுக்கும் அருகே செல்கிறது. பகலில் அங்கு எழும் மின்புலம் மின்னணுக்களை ஊற்றுப்போல மேலே தள்ள, அவை காந்தக் கோடுகளின் வழியே வழிந்து, நடுக்கோட்டின் இருபுறமும் பதினைந்து பாகைக்கு அப்பால் குவிகின்றன. இந்தியாவில் அக்குவியல் குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற பகுதிகளுக்கு மேலே விழுகிறது. சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தில் மின்னணுக்கள் குறைந்த குமிழ்கள் தோன்றி மேலெழுந்து, அவற்றின் ஊடே வரும் குறிகையை நடுங்கச் செய்கின்றன. சில வேளைகளில் பெறுகருவி கோளையே தவறவிட்டுவிடும். 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணமே அவ்வூரின் மேல் காந்த நடுக்கோடு செல்வதுதான். அன்று அறிவியல் ஆர்வத்துக்காக ஆராயப்பட்ட வானம், நாற்பது ஆண்டுகள் கழித்து விமானப் பாதுகாப்பின் இடையூறாக வந்து நின்றது.

இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் உருவாக்கிய ககன் அமைப்பு அந்த இடையூறுக்கான விடை. இடம் துல்லியமாகத் தெரிந்த பதினைந்து தரைநிலையங்கள் ஜி.பி.எஸ். குறிகையைக் கேட்டு, அது எவ்வளவு பிசகுகிறது என்று அளந்து, பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்புகின்றன. அங்கே கணிக்கப்படும் திருத்தங்கள் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வழியே விமானங்களுக்குச் செல்கின்றன. துல்லியத்தைக் காட்டிலும் முக்கியமானது, குறிகையை நம்பக்கூடாத நிலை வந்தால் சில நொடிகளுக்குள் விமானியை எச்சரிக்கும் அதன் திறன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இத்தகைய அமைப்புகள் முன்பே இருந்தன. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில் அதைச் செய்து காட்டியவர் எவரும் இல்லை. அதனால் அயனிமண்டலத்தை ஒரே மெல்லிய படலமாகக் கொள்ளும் மேலைநாட்டுக் கணக்கை விட்டு, அதைப் பல அடுக்குகளாகக் கொண்டு கணிக்கும் முறையை இஸ்ரோ தானே வகுத்துக்கொண்டது.

வேலை தடையின்றி நடக்கவில்லை. ககனுக்கான கருவியைச் சுமந்த ஜிசாட்-4, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட முதல் இந்தியக் கிரையோஜெனிக் எந்திரத்தோடு 2010 ஏப்ரல் 15 அன்று புறப்பட்டு, அந்த ஏவுதல் தோற்றதால் கடலில் விழுந்தது. பின்னர் 2011இல் ஜிசாட்-8, 2012இல் ஜிசாட்-10, 2015இல் ஜிசாட்-15 ஆகியவை அப்பணியை ஏற்றன. 2015 ஏப்ரலில் விமானங்கள் இறங்குவதற்குச் செங்குத்து வழிகாட்டும் தகுதிச் சான்று ககனுக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று, ஓடுபாதையில் தரைவழிக் கருவிகளின் உதவியின்றி, இராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ககன் துணையோடு இறங்கியது. சிறு விமான நிலையங்களுக்கு இது பெரும் பேறு. பல கோடி ரூபாய் பெறும் இறங்குவழிக் கருவியைப் பொருத்தாமலே மேகமூட்ட நாளிலும் விமானத்தை வரவழைக்கலாம். மறுபக்கம், விண்ணிலிருந்து வரும் குறிகை மிக மெலிந்தது ஆகையால் தரையிலிருந்து அதை அமுக்கவும் போலியாக உண்டாக்கவும் எளிதாக முடிகிறது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் 465 குறுக்கீடுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தரைவழி வானொலிக் கம்பங்களை முற்றிலும் அகற்றிவிடலாம் என்ற பேச்சு இப்போது தணிந்திருப்பதில் வியப்பில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது இடையூறு மட்டுமே என்று கொள்வதும் தவறாகும். 2006 மே மாதம் ஒப்புதல் பெற்று, பின்னர் நாவிக் எனப் பெயர் சூட்டப்பட்ட இந்தியாவின் சொந்த அமைப்பு, ஏழே கோள்களால் நாட்டையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் ஆளத் திட்டமிட்டது. இருபத்துநான்கு கோள்கள் செய்யும் வேலைக்கு ஏழு போதும் என்று கணிக்க இடம் கொடுத்தது இந்தியாவின் அட்சரேகை. நிலநடுக்கோட்டுக்கு மேல் பூமியோடு சேர்ந்தே சுழலும் கோள்கள் ஐரோப்பியருக்கு அடிவானத்துக்கு அருகில் தாழ்ந்து தெரிய, கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிறுத்தப்பட்ட நாவிக் கோள் வேங்கிக்காலில் நிற்பவருக்குச் சுமார் 75 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சியில் இருக்கும். மரமோ மாடிவீடோ மலையோ அதை எளிதில் மறைக்காது. இரண்டு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவதால் அயனிமண்டலத் தாமதத்தைக் கருவியே ஒப்பிட்டு அறிந்து கழித்துவிடும் வசதியும் அதில் உண்டு. 2013 ஜூலை 1 முதல் 2016 ஏப்ரல் 28 வரை ஏழு கோள்களும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறின.

சாலைப் போக்குவரத்துக்கு இந்த அமைப்பு சந்தையின் வழியே வரவில்லை, சட்டத்தின் வழியே வந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த பாலியல் வன்கொடுமைக்குப் பின் எழுந்த கோரிக்கைகளின் தொடர்ச்சியாக, பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்று 2016இல் மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. ஆட்டோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் விலக்களித்த அவ்விதி, 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய வாகனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது, ஏ.ஐ.எஸ். 140 எனப்படும் அக்கருவித் தரத்தில் நாவிக்கும் சேர்க்கப்பட்டது. சாலையில் வானம் பெரிய சிக்கலன்று, நிலப்படம்தான் சிக்கல். 2024 ஜனவரியில் கூடலூரில் கைப்பேசி காட்டிய வழியே வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டபோது, அதன் இடக்குறிப்பில் பிழை ஏதும் இல்லை. படிக்கட்டைச் சாலை என்று படம் சொன்னதே பிழை. கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைக்கு வரும் சாலைகள் மறிக்கப்பட்டு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எழும்போதும் இதே நிலைதான்; தன் இடத்தை ஒரு சில மீட்டருக்குள் அறிந்த ஓட்டுநர், போகும் வழியைக் காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

நாவிக்கின் உண்மையான துன்பம் கடிகாரத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு கோளிலும் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்கள் இருந்தன. முதற்கோளில் மூன்றுமே செயலிழந்தன. அதே நிறுவனத்தின் கடிகாரங்கள் ஐரோப்பாவின் கலிலியோ கோள்களிலும் பழுதுபட்டன. ஆனால் முப்பது கோள்கள் உள்ள அமைப்பில் ஒன்றை இழப்பதும் ஏழில் ஒன்றை இழப்பதும் ஒன்றல்ல. மாற்றுக்கோள் 2017 ஆகஸ்ட் 31 அன்று ஏவப்பட்டபோது வெப்பக்கவசம் பிரியாமல் உள்ளேயே அடைபட்டுப் போனது. அடுத்தது 2018 ஏப்ரலில் வெற்றியாயிற்று. அகமதாபாத்தில் இஸ்ரோவே செய்த ருபீடியம் கடிகாரத்தோடு 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 சென்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாக 2025 ஜனவரி 29 அன்று புறப்பட்ட என்.வி.எஸ்.-02, ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்த பின்னும், எந்திரத்தின் அடைப்பிதழ் திறக்காததால் உரிய பாதையை அடையவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அரசு தந்த விளக்கத்தின்படி, அதுவரை ஏவப்பட்ட பதினொன்றில் நான்கு கோள்களே இடமறியும் சேவையை அளித்தன. நான்கு என்பது கணக்கின் குறைந்தபட்சம். ஆகவே சட்டப்படி நாவிக் பொருத்திய பேருந்தும் நடைமுறையில் அமெரிக்க ஜி.பி.எஸ். முதலிய பிறநாட்டுக் கோள்களின் துணையோடுதான் தன் இடத்தைச் சொல்கிறது.

கடிகாரம் நின்ற கோள்கள் வீணாகிவிடவில்லை; கடலில் அவற்றுக்கு வேறொரு பணி கிடைத்தது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயல் எழுந்தபோது, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து மிகத் தொலைவில் இருந்தார்கள். படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது, தாம் எங்கிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவும், அவர்கள் இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கவும் வழியில்லாமல் போனது, பலர் திரும்பவில்லை. அதற்குப் பின்னரே செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன்வளப் பகுதித் தகவலையும் படகுக்கு அனுப்பும் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தரும் செய்திகளைக் ககன் கோள்களின் வழியே கைப்பேசிக்குச் சேர்க்கும் ஜெமினி கருவி 2019 அக்டோபரில் வெளிவந்தது. இவ்வகைச் செய்தியை ஒலிபரப்ப அணுக்கடிகாரத்தின் துல்லியம் வேண்டியதில்லை என்பதால், இடம் காட்டும் தகுதியை இழந்த நாவிக் கோள்களில் நான்கு இந்த ஒருவழிச் செய்திப் பணிக்கு மாற்றப்பட்டன. படகிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகளை 364 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. அது கடலோர மாநிலங்களில் எவ்வாறு வரவேற்கப்பட்டது, தம் படகின் இருப்பிடம் எந்நேரமும் அரசுக்குத் தெரிவதை மீனவர் எவ்வாறு பார்க்கின்றனர் என்பவை அடுத்த பகுதிக்கு உரியவை.